கரி தீர்ந்த பள்ளத்தாக்கு

பெரியப்பா கையில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார். விளாத்திகுளம் பக்கம் நாற்பது வருடம் கரிமூட்டம் போட்டவர். நன்றாக வெந்த கரி கணீரென்று ஒலிக்கும். வேகாத கரி மரத்தைத் தட்டியது போல மொத்தென்று சொல்லும். மூட்டத்திலிருந்து வரும் புகை வெள்ளையாக இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், நீலம் பாய்ந்துவிட்டால் மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்பார். இந்தக் கண்ணும் காதும் மூவாயிரம் வருடத்துப் பழைய கணக்கு ஒன்றை எனக்குப் புரியவைக்கப் போகின்றன என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் நினைக்கவில்லை.

2023 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட புனிதப் பயணக் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். கெய்ரோ, சீனாய் மலை, தாபா எல்லை, அங்கிருந்து எய்லாட் என்று நம் ஊர்க் குழுக்கள் வழக்கமாகப் போகும் பாதைதான். தமிழ் வேதாகமத்தில் ஏலாத் என்று வருகிற ஊர் இந்த எய்லாட். செங்கடலின் கரையில் இருக்கும் அந்த ஊரிலிருந்து சாக்கடலை நோக்கிப் போகும் 90ஆம் எண் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே போனால், இடது கைப்பக்கம் திம்னா பூங்கா. அங்கே, மோசே வனாந்தரத்தில் அமைத்ததாக வேதாகமம் சொல்லும் ஆசரிப்புக் கூடாரத்தின் முழு அளவு மாதிரி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். பல குழுக்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் பேருந்து ஏறிவிடுவதுண்டு. எங்களை அழைத்துப்போன போதகர் அரைநாள் ஒதுக்கியிருந்தார். அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பூங்கா என்றதும் புல்தரையும் பூச்செடியும் நினைவுக்கு வரும். இங்கே பூங்கா என்பது காவல் போட்ட பாலைவனம். 60 சதுர கிலோமீட்டர் பரப்பு. குதிரை லாடத்தைக் கவிழ்த்து வைத்தது போலச் சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர். கிழக்கே மட்டும் அரபா சமவெளியை நோக்கித் திறந்திருக்கிறது. நடுவில் திம்னா மலை. அந்த மலையின் கருங்கல் மிகப் பழையது. அதன்மேல் சிவந்த மணற்கல், அதற்கும் மேல் வெள்ளை மணற்கல், உச்சியில் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காக ஏறிப்போகிறது. ஆப்பிரிக்கா வரை நீளும் பெரும் பூமிப்பிளவு இந்த அரபா வழியாகத்தான் ஓடுகிறது. நிலம் அங்கே கிழிந்து இறங்கியதால்தான், ஆழத்தில் கிடக்க வேண்டிய பாறை அடுக்குகளெல்லாம் இந்த விளிம்பில் வெட்டிய கேக்கைப் போல வெளியே தெரிகின்றன. செம்பு இருக்கும் அடுக்கும் அப்படி வெளியே வந்துவிட்ட ஒன்று. மனிதன் இங்கே வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

பேருந்தை விட்டு இறங்கியதும் பெரியப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னலே, தேரிக்காட்டுக்குத் திரும்பி வந்துட்ட மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலைச் சிவப்பாக்கும் அதே இரும்புத் துருதான் இந்தப் பாறைகளையும் சிவப்பாக்கியிருக்கிறது. ஓடைப் படுகையில் ஆங்காங்கே நின்ற மரங்களோ எங்கள் ஊர் உடைமரத்தின் சொந்தக்காரர்கள். குடை விரித்தாற்போன்ற தலை, வெள்ளை முள், சின்னச் சின்ன இலை. வேல மரத்தில் அது பாலைவனத்து வகை. வித்தியாசம் மழையில் இருக்கிறது. வறண்ட மாவட்டம் என்று நாம் சொல்லும் தூத்துக்குடியிலேயே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில் மழை உண்டு. இங்கே சராசரி 30 மில்லிமீட்டரை ஒட்டித்தான். எப்போதாவது பெய்யும் மழை ஓடையில் பாய்ந்து மண்ணுக்குள் இறங்கும். அதை வேர் நீட்டிக் குடித்து இந்த மரங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. எண்ணிக்கையும் அதிகமில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பதினேழு மரம் எண்ண முடிந்தது.

முதலில் போனது வளைவுகள் என்ற இடத்துக்கு. மணற்கல் பாறைகள் இயற்கையாகவே குடைந்து வளைவுகளாக நிற்கின்றன. அவற்றைத் தாண்டி ஏறினால் சுரங்கங்கள். பெரியப்பாவுக்கு வயது எழுபத்தொன்று, முழங்கால் வலி வேறு. அவர் ஏற்றத்தின் பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் மேலே போனேன்.

சுரங்கம் என்றால் மலையைக் குடைந்த பெரிய வாயிலை எதிர்பார்த்திருந்தேன். இருந்ததோ கிணறு. ஆள் ஒருவர் மட்டும் நுழையும் அகலத்தில் வட்டமாக, நேர் செங்குத்தாக இறங்கும் கிணறு. சுவரின் இரு பக்கமும் கால் வைத்து இறங்குவதற்காகச் சிறு சிறு குழிகளைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கிணறு வெட்டுபவர்கள் ஏறி இறங்க இப்படித்தான் கால்பிடி வைப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இத்தகைய குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பத்தாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சிலவற்றின் ஆழம் முப்பது மீட்டரைத் தாண்டும். பெரும்பாலானவை மணல் மூடித் தூர்ந்துவிட்டன. மேட்டிலிருந்து பார்த்தால் தரையில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தது போல வட்டம் வட்டமாகத் தெரிவதெல்லாம் அந்தக் குழிகள்தான்.

பார்வையாளர்கள் நுழைவதற்கென்று பாதுகாப்பான ஒரு பொந்தை விட்டுவைத்திருக்கிறார்கள். குனிந்து போய், பிறகு முட்டியிட்டு, கடைசியில் வயிற்றால் ஊர்ந்து போனேன். கைப்பேசி விளக்கை உயர்த்திப் பிடித்தபோது சுவரில் உளித்தழும்புகள் தெரிந்தன. விரல் அகலக் கோடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, எல்லாம் ஒரே சாய்வில். வலது கைக்காரர் ஒருவர் ஒருக்களித்துப் படுத்தபடி கொத்தியிருக்க வேண்டும். தழும்பில் விரலை வைத்தேன், சரியாகப் பொருந்தியது. வெள்ளைக் கல்லின் நடுவே கடுகளவும் மிளகளவுமாகப் பச்சைப் புள்ளிகள். செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்காமல் விட்டால் களிம்பு ஏறுமே, அந்தப் பச்சை. இதற்காகத்தான் இத்தனை குழிகள். வெளியிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "ஏலே, உள்ளயே தங்கிரப் போறியா?" மூச்சு முட்டத்தான் செய்தது. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். உளி பிடித்தவர்கள் எத்தனை மணி நேரம் அதற்குள் கிடந்தார்களோ.

இங்கே செம்பு எடுக்கத் தொடங்கி ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கல்லாயுதங்களால் கெல்லினார்கள். பொ.ஆ.மு. 13, 12ஆம் நூற்றாண்டுகளில் எகிப்திய அரசர்களின் ஆட்கள் உலோக உளியோடு வந்து, இந்தக் கிணறுகளை ஒழுங்காக இறக்கினார்கள். எகிப்து கைவிட்டுப் போன பிறகு இந்த நிலத்து நாடோடி மக்கள் அதே தொழிலை இன்னும் பெரிதாக நடத்தினார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து காளான் பாறை. சிவந்த தண்டின் மேல் அகன்ற தலை. கீழே இருக்கும் மணற்கல் மெத்தென்றது, மேலே இருப்பது கெட்டி. இரவு ஈரமும் பகல் வெயிலும் எப்போதோ வரும் மழையும் காற்றும் சேர்ந்து மெத்தென்ற கல்லை முந்தி அரித்துவிட, கெட்டித் தலை மட்டும் அப்படியே நிற்கிறது. குழுவில் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா பாறையைப் பார்க்கவில்லை. அதன் அருகில் தரையில் சிதறிக் கிடந்த கறுப்புக் கற்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கல்லு இல்லலே, கிட்டம். ஆசாரி பட்டறைக்குப் பின்னால கிடக்கும்லா, அது."

வழிகாட்டி ஆமென்று தலையாட்டினார். அந்த இடம் செம்பு உருக்கிய களம். எடுத்துப் பார்க்கலாம், ஆனால் கொண்டுபோகக் கூடாது என்றார். பெரியப்பா உள்ளங்கையளவுத் துண்டு ஒன்றை எடுத்தார். அளவுக்கு மீறிய கனம். ஒரு பக்கம் பாகு வழிந்து உறைந்தது போல மடிப்பு மடிப்பாக இருந்தது. மறுபக்கம் சொரசொரப்பு, அதில் நகத்தளவுக்கு ஒரு கறுப்புப் பள்ளம். அந்தப் பள்ளத்தை நகத்தால் லேசாகச் சுரண்டி, விரலில் ஒட்டிய பொடியை வெயிலில் காட்டிப் பார்த்தார். "கரி இருந்த இடம்" என்றார். வந்த இடத்திலேயே அந்தத் துண்டைத் திரும்ப வைத்தார்.

செம்பு உருக்குவது எப்படி என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல, பெரியப்பாவுக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பச்சைக் கல்லை நுணுக்கி, இரும்புத் தாது கலந்த கல்லையும் சேர்த்து, மண்ணாலும் கல்லாலும் கட்டிய சிறிய உலைக்குள் கரியோடு அடுக்கடுக்காகப் போடுவார்கள். துருத்தியிலிருந்து மண்குழல் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் 1,200 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏற வேண்டும். கரிக்கு இங்கே இரண்டு வேலை. எரிந்து சூடு கொடுப்பது ஒன்று. தாதுவில் செம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போவது மற்றொன்று. இரும்புத் தாது கல்லின் அழுக்கையெல்லாம் இளக்கிக் கிட்டமாக்கும். கனமான செம்பு அடியில் இறங்கும்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு கரிக்கு மரம் எங்க இருந்துச்சாம்?"

அந்தக் கேள்வியைக் கையோடு வைத்துக்கொண்டுதான் மீதிப் பள்ளத்தாக்கைச் சுற்றினோம்.

பூங்காவின் பெயர்பெற்ற காட்சி சாலொமோனின் தூண்கள். செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவரில் நீர் விரிசல் வழியாக இறங்கி அரித்து, பெரும் தூண்களைச் செதுக்கியது போல விட்டிருக்கிறது. அடியில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். பெயரில் சாலொமோன் இருந்தாலும் தூணுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. 1885ல் ரைடர் ஹாகர்ட் எழுதிய நாவல் வந்ததிலிருந்து சாலொமோன் ராஜாவின் சுரங்கம் என்ற சொல் உலகெங்கும் பரவியது. 1934ல் அமெரிக்கத் தொல்லியலாளர் நெல்சன் குளூக் இங்கே வந்தார். இந்தச் சுரங்கங்கள் சாலொமோன் காலத்தவை, பொ.ஆ.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

குளூக்கோடு புகைப்படக்காரராகச் சுற்றிய பெனோ ரோத்தன்பெர்க் 1959ல் தாமே ஒரு ஆய்வுக் குழுவோடு அரபாவுக்குத் திரும்பினார். பத்தாண்டு தேடலுக்குப் பிறகு 1969ல், இந்தத் தூண்களின் காலடியிலேயே ஒரு சிறு கோயிலைத் தோண்டியெடுத்தார். எகிப்தியப் பெண்தெய்வம் ஹாத்தோரின் கோயில். சுரங்கத் தொழிலுக்குக் காவல்தெய்வம் அவள்தான். முதலாம் சேத்தி முதல் ஐந்தாம் ராம்சேஸ் வரையான அரசர்களின் பெயர் பொறித்த பொருள்கள் அங்கே கிடைத்தன. ஆகவே இது சாலொமோனுக்கு முந்திய எகிப்தியர் சுரங்கம் என்று ரோத்தன்பெர்க் தீர்ப்பு மாற்றினார். தூண்களின் பக்கவாட்டில் படியேறிப் போனால், பாறையின் உயரத்தில் மூன்றாம் ராம்சேஸ் ஹாத்தோருக்குப் படையலிடும் சிறு புடைப்புச் சிற்பத்தை அண்ணாந்து பார்க்கலாம். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது.

கோயில் இன்று இடுப்பளவுக்கும் குறைவான கல்வரிசை மட்டுமே. ஆனால் அதன் கடைசிக் காலம்தான் எங்கள் குழுவை உட்காரவைத்தது. எகிப்தியர் போன பிறகு, அரேபியாவின் வடமேற்கிலிருந்து வந்த மீதியானியர் அந்த இடத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஹாத்தோரின் முகத்தைச் சிதைத்தார்கள். மேலே துணிக் கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்று, அங்கே மடிந்து கிடந்த சிவப்பு மஞ்சள் துணிகளைக் கொண்டு ரோத்தன்பெர்க் கருதினார். உள்ளே ஒரு சாண்கூட நீளமில்லாத செம்புப் பாம்பு ஒன்று கிடைத்தது, தலைக்குப் பொன் பூசியது. மோசேயின் மாமனார் எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியர். மோசே வனாந்தரத்தில் வெண்கல சர்ப்பத்தை உயர்த்தினார். இதையெல்லாம் ஞாயிறுப் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தப் பாம்பு அந்தப் பாம்பென்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் கூடாரத்தில் வழிபட்டு, செம்பில் பாம்பு வார்த்த மக்கள் இந்த மணலில் நடந்திருக்கிறார்கள் என்பது கண்முன்னே இருக்கிறது. எங்களோடு வந்த வயதான அக்கா ஒருவர் அந்தக் கல்வரிசை அருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தட்டையான தலையோடு ஒரு மேடு. பெயர் அடிமைகள் மேடு. உச்சியைச் சுற்றி மதில் இருந்ததைப் பார்த்து, அடிமைகளும் கைதிகளும் தப்பி ஓடாமல் அடைத்துவைத்த இடம் என்று குளூக் கருதி வைத்த பெயர் அது. இந்த வெயிலில், இந்த வேலையை, மனமுவந்து யார் செய்வார்கள் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மேட்டின் அடிவாரத்தில் நிழல் தேடி நின்றபடி வழிகாட்டி சொன்ன கதை அந்த எண்ணத்தை மாற்றியது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் எரெஸ் பென்-யோசெஃப் 2013ல் இந்த மேட்டில் அகழாய்வு தொடங்கினார். காற்றில் ஈரமே இல்லாத நிலம். அதனால் மற்ற இடங்களில் ஒரு வருடத்தில் மக்கிப் போகும் பொருளெல்லாம் இங்கே மூவாயிரம் வருடம் கிடந்திருக்கிறது. பேரீச்சங்கொட்டை, துணிக்கிழிசல், கயிறு, கழுதை விட்டை. இவற்றைக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். வந்த விடை பொ.ஆ.மு. 10ஆம் நூற்றாண்டைச் சுட்டியது. குளூக் சொன்ன காலமே சரியாகிவிட்டது. ஆனால் சாலொமோன் பெயர் சொல்லும் கல்வெட்டு ஒன்றுகூட இங்கே கிடைத்ததில்லை. தொழிலை நடத்தியவர்கள் வேதாகமத்தில் வரும் ஏதோமின் நாடோடிக் குலத்தார் என்பதே பென்-யோசெஃபின் முடிவு. கூடாரத்தில் வாழ்ந்ததால் அவர்கள் அரண்மனையோ கோட்டையோ விட்டுப் போகவில்லை; அதனால் அவர்களுக்கு அரசு இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது என்று அவர் வாதாடுகிறார்.

விட்டைக்கு வருகிறேன். மேட்டின் வாசலருகே கழுதைகளைக் கட்டிய கொட்டடி இருந்தது. விட்டையை உடைத்துப் பார்த்தபோது வைக்கோலும், திராட்சை பிழிந்த சக்கையும் இருந்தன. இரண்டும் இந்தப் பாலையில் விளையாதவை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும். கழுதைக்கே அந்தக் கவனிப்பு. அப்படியானால் ஆட்களுக்கு? எலும்புகள் அதற்கும் பதில் சொல்லின. ஆட்டுக்கறி தாராளமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்து மீன்கூட வந்திருக்கிறது. உலையருகே வேலை செய்தவர்களுக்குச் சதைப்பற்றுள்ள நல்ல துண்டுகள் போயிருக்கின்றன.

துணிகள் இன்னும் அழுத்தமான சாட்சி. மெல்லிய நெசவு, சிவப்பு, நீலச் சாயமேற்றியவை பல. சிவப்பு, நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து வந்தது. நீலத்துக்குக் காரணமான பொருள் நம் அவுரியில் இருப்பதேதான், செடி மட்டும் வேறு. 2021ல் நாமா சுகெனிக்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. இந்த மேட்டில் கிடைத்த கம்பளித் துண்டுகளில் இரத்தாம்பரம் என்ற ஊதாச் சாயம் இருந்தது, பொ.ஆ.மு. 1000ஐ ஒட்டிய காலத்தது. இரத்தாம்பரம் செடியில் வராது. கடல்நத்தையிலிருந்து எடுப்பது, எங்கள் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவர்கள் முள்ளுச்சங்கு என்பார்களே, அந்தக் குடும்பம். ஒரு நத்தையில் கிடைக்கும் சாயம் துளியிலும் துளி. 1909ல் பால் ஃப்ரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்தது 1.4 கிராம் மட்டுமே. அந்த நத்தை வாழ்ந்த மத்தியதரைக் கடற்கரை இங்கிருந்து வெகு தொலைவு. அரசர்களின் துணி என்று நாம் படித்த துணியை, இந்த உலைக்களத்தில் யாரோ உடுத்தியிருக்கிறார்கள்.

யோசித்தால் இதில் வியப்பில்லை. குழி வெட்டக் கூட்டம் போதும். உலை அப்படியல்ல. எத்தனை கூடை கரிக்கு எத்தனை கூடை தாது, காற்றை எப்போது கூட்டுவது, தீயின் நிறம் எப்போது மாறும் என்பதெல்லாம் கையில் ஊறிய அறிவு. சவுக்கால் அடித்து அந்த அறிவை வாங்க முடியாது. அதை வைத்திருந்தவர்களைச் சோறும் கறியும் நல்ல துணியும் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டார்கள். மதில் அவர்களை அடைத்துவைக்க எழுந்ததல்ல. விலைமதிப்புள்ள செம்பையும் அவர்களையும் காக்க எழுந்தது. குழிக்குள் இறங்கியவர்கள் எல்லோருக்கும் இதே கவனிப்பு கிடைத்ததா என்பதை எலும்புகள் சொல்லவில்லை. உலைக்காரர்கள் அடிமைகள் இல்லை என்பதை மட்டும் அவை தெளிவாகச் சொல்கின்றன.

பெரியப்பாவின் கேள்விக்கான விடையும் அந்த மேட்டிலேயே இருந்தது. கிட்டக் குவியல்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரித்துண்டுகளை எடுத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றும் எந்த மரம் என்று பார்த்திருக்கிறார்கள். 2022ல் அந்த ஆய்வு வெளியானது. தொடக்கக் காலத்துக் கரி பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று இங்கே ஓடையில் நிற்கும் வேலம். மற்றொன்று வேதாகமத்தில் எலியா களைத்துப்போய் அடியில் உட்கார்ந்த சூரைச்செடி. இரண்டும் நின்று எரியும் நல்ல கரி. தொழில் உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு 400 வேலமரமும் 1,800 சூரைச்செடியும் வெட்டியிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மேல் அடுக்குக்கு வர வர, கரியின் தரம் இறங்கிக்கொண்டே வருகிறது. சின்னப் புதர், பேரீச்சை மரம், பிறகு வெகு தொலைவிலிருந்து சுமந்து வந்த மரம். ஏறத்தாழ 250 ஆண்டு நடந்த தொழில் பொ.ஆ.மு. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் நின்றே போயிற்று. அடுத்து ஓர் ஆயிரம் ஆண்டுக்கு இங்கே யாரும் உலை மூட்டவில்லை.

நான் சொல்லி முடித்ததும் பெரியப்பா சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

"எங்க அப்பா காலத்துல உடைமரத்துல மூட்டம் போட்டோம். அது தீந்துச்சு. நல்லவேளை சீமைக் கருவை வந்து நின்னுச்சு. அது வெட்ட வெட்டத் தழையும். இதுக்குத் தழைக்க மழை வேணும்லா. மழைக்கு இவன் எங்க போவான்? புதரை வெட்டி மூட்டம் போட்டிருக்கான் பாரு. அந்த மேல் அடுக்குக் கரிய எடுத்துத் தட்டிப் பாத்தா சத்தமே வராதுலே. தொழில் முடியப்போகுதுன்னு அந்தச் சத்தத்துலயே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்டதை அவர் காதால் கண்டார். அந்த மேட்டில் மூட்டம் போட்டவர்களுக்கும் என் பெரியப்பாவுக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டும் கடலும் இருக்கின்றன. ஆனாலும் அவர்கள் தொழில் ஒன்று, கவலை ஒன்று.

கடைசியாகத்தான் ஆசரிப்புக் கூடாரத்துக்குப் போனோம். நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலத்துக்கு வெள்ளைத் துணி மதில். உள்ளே பலிபீடம், தொட்டி, திரைச்சீலை, சீத்திம் மரத்தின்மேல் பொன் போர்த்திய பலகைகள். இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு என்று விளக்கிக்கொண்டு வந்தபோது எங்கள் குழுவினர் மெல்லப் பாடத் தொடங்கினார்கள். எல்லாப் பயணத்திலும் இப்படி ஒரு கணம் வருமென்று போதகர் சொல்லியிருந்தார். எனக்கு அன்று அந்த நிறங்கள் வெறும் வேதாகமச் சொற்களாக இல்லை. இரத்தாம்பரம் என்றால், பக்கத்து மேட்டு மண்ணிலிருந்து வந்த விரலகலக் கம்பளித் துண்டு. சீத்திம் மரம் என்றால், வாசலில் நிற்கும் அந்த வேலம். வெண்கலம் என்றால், ஒருக்களித்துப் படுத்து ஒருவர் கொத்திய அந்தப் பச்சைப் புள்ளி. காலையில் நேராக இங்கே வந்திருந்தால் கூடாரத்தை மட்டும் பார்த்திருப்பேன்.

1950களில் இந்தப் பக்கத்தில் நவீனச் சுரங்கம் ஒன்று தொடங்கினார்கள். உலகச் சந்தையில் செம்பு விலை சரிய, 1976ல் அதுவும் மூடப்பட்டது. செம்பு இன்னும் நிலத்துக்குள் இருக்கிறது. கரிக்காக வெட்டிய சூரையும் வேலமும் பழைய அடர்த்திக்கு இன்றுவரை திரும்பவில்லை. நான் எண்ணிய பதினேழு மரங்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அடிமைகள் மேடு என்ற பெயரை வழிகாட்டிப் பலகைகளிலிருந்து மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். உலோக வேலை தெரிந்தவர்களுக்கு நம் பழந்தமிழில் கம்மியர் என்று ஒரு சொல் உண்டு. கம்மியர் மேடு என்று நான் எனக்குள் பெயர் மாற்றிவிட்டேன். ஆதாரம் வந்த பிறகும் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது, கைத்தொழில் செய்தவர்களை எளிதில் அடிமைகள் என்று நம்பிவிடும் நம் வழக்கத்தைத்தான் காட்டும்.

 உங்கள் குழு எய்லாட்டிலிருந்து வடக்கே போகுமானால், திம்னாவுக்கு ஒரு மணி நேரம் போதாது, அரைநாள் வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் போங்கள், தண்ணீரும் தலைக்குத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன் சுரங்கத்துக்குள் ஒருமுறை ஊர்ந்து போய், அந்த உளித்தழும்பில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள்.